எதுக்கு சேர் தன்னை அறிமுகம் செய்துகொண்ட விதம்

2008 ஆம் ஆண்டு ஜூன் எட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் கடையைத் திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். போட்டோகொப்பி மெஷினின் கண்ணாடியைத் துடைத்தேன். கம்ப்யூட்டர் மேல் போட்டிருந்த துணியை நான்காக மடித்து மேசை லாச்சியில் வைத்தேன். நல்ல வெயில். பாணும் சம்பலும் சாப்பிட்டு முடிக்குமுன் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அந்த நிழல் செருப்பைக் கழற்றவில்லை. உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்து, நான் மட்டும்தான் என்று உறுதியான பிறகே கழற்றியது.

அவர்தான் எதுக்கு சேர். சப்ரகமுவ மாகாணத்தில் அவரைப்போல் சந்தேகப்பட்ட மனிதர் முன்பும் இருந்ததில்லை, பின்பும் பிறக்கவில்லை. தன் நிழல் ஏன் தன்கூடவே வருகிறது என்று அதனிடமும் ஒருநாள் விசாரித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

நிவித்திகலைக்குப் பக்கத்தில், தேயிலையும் றப்பரும் மாறி மாறி வரும் மலைச் சரிவின் அடியில் எங்கள் கடைத்தெரு. போன், பெக்ஸ், போட்டோகொப்பி, இன்டர்நெட் என்று பலகை மாட்டிய கடை என்னுடையது. மேலே இருக்கும் றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் பதில் அதிபர். யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "எதுக்கு?" என்ற ஒரு சொல்தான். கல்யாணப் பத்திரிகை நீட்டினால் "எதுக்கு?" கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் "எதுக்கு?" பஸ் கண்டக்டர் "கொஹாட்டத மாஸ்டர்?" என்று போகிற இடம் கேட்டபோதும் அதே பதில்தான். அந்தக் கண்டக்டர் வாதாடவில்லை. கடைசித் தரிப்பிடத்துக்கு டிக்கட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சேர் பாதி வழியில் இறங்கிக்கொண்டார். போகும் இடம் வெளியே தெரியாமல் இருந்ததில் அவருக்குத் திருப்தி.

என் கடையில் ஒரு தாளைப் பிரதி எடுக்க வந்தால், மெஷினின் வெளிச்சம் முழுதாக அணையும்வரை நிற்பார். சரியாக விழாத பிரதிகளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொள்வார்.

"அது வெறும் கறுப்புக் கோடுதானே சேர்," என்றேன் ஒருநாள்.

"கோடுதான் அக்கா. ஆனா என்னோட கோடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தது பெரிய காரியத்துக்கு. ஆசிரியர்களுக்கான முதுமாணிப் பட்டப் படிப்பு ஒன்றுக்கு அவருக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்பு முழுவதும் இன்டர்நெட்டில். இதை முடித்தால் பதில் அதிபர் நிரந்தர அதிபர் ஆவார். முடிக்காவிட்டால் தகைமை உள்ள ஒருவரை வெளியிலிருந்து அனுப்புவார்கள், இவர் வேறு எங்காவது மாறிப் போகவேண்டும். இவ்வளவையும் அவர் சொன்னது என் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில். கடையில் வேறு ஒருவரும் இல்லை.

கம்ப்யூட்டரில் அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்ல நான் தட்ட வேண்டும். ஆனால் கடவுச்சொல்லை மட்டும் அவரே போடுவார். அப்போது நான் எழுந்து, சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அவர் போட்டு முடிப்பதற்குள் அந்த மாதத்து விரத நாட்களெல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கோ கடவுச்சொல் ஒருநாளும் ஞாபகத்தில் நிற்காது.

"லேசா ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி ஒண்ணப் போடுங்களேன் சேர்."

"எனக்கு லேசா ஞாபகம் வந்தா மத்தவங்களுக்கும் வரும்ல?"

ஒருவழியாக உள்ளே போனோம். விரிவுரையாளர் முதல் வேலையைப் போட்டிருந்தார். ஒவ்வொருவரும் தங்களை வகுப்புத் தோழர்களுக்கு அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். பெயர், ஊர், பள்ளிக்கூடம், ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள், ஒரு புகைப்படம். கடைசியில் ஒரு சிரிக்கும் மஞ்சள் முகம்.

சேர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"அக்கா, யாரு, எந்த ஊரு, எங்க வேல, எதுக்கு வந்த. இதே கேள்விய போன மாசம் கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல ஆமிக்காரங்க துவக்க வெச்சுக்கிட்டு கேட்டாங்க. இவங்க சிரிச்சுக்கிட்டு கேக்குறாங்க. அதான் வித்தியாசம்."

அது அப்படிப்பட்ட வருஷம்தான், யுத்தம் இன்னும் முடியவில்லை. கொழும்புக்குப் போய் வருகிறவர்கள் எந்தெந்த இடத்தில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டோம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதனால் நான் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எழுதியிருப்பதைப் பாருங்கள் என்று திரையைக் கீழே இறக்கினேன். வவுனியாவில் ஓர் ஆசிரியைக்குப் பயணம் செய்யப் பிடிக்கும்.

"இந்தக் காலத்துல யாருக்குப் பயணம் புடிக்குது? எங்க போறாங்களாம்?"

மட்டக்களப்பில் ஒருவருக்குப் பறவைகளைப் பார்ப்பது பொழுதுபோக்கு.

"எதுக்கு?"

"பறவையத்தான சேர் பாக்குறாரு."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு அவர் தன் அறிமுகத்தைச் சொன்னார்: "நான் ஓர் ஆசிரியர். இலங்கையில் வசிக்கிறேன்."

"சேர், எல்லாரும் இலங்கையிலதான் இருக்காங்க."

"அப்ப அதத் தனியாச் சொல்லணுமா? எடுத்துருங்க."

மிச்சம் நின்றது, "நான் ஓர் ஆசிரியர்." ஆசிரியர்கள் மட்டுமே படிக்கும் வகுப்பில் அதையும் எடுத்துவிடலாமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

புகைப்படம் அடுத்த சிக்கல். முகம் எதற்கு என்றார். பள்ளிக்கூடத்தின் படம் போதும் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். போடும் நேரத்தில் பெயர்ப்பலகை தெரிகிறதே என்று அதை வெட்டச் சொன்னார். பிறகு வாசல் படலை. பிறகு பின்னால் இருந்த மலை, தெரிந்தவன் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவானாம். வெட்டி வெட்டிக் கடைசியில் தண்ணீர்க் குழாயின் கீழே அரை வாளி மட்டும் மிஞ்சியது. அதைத்தான் போட்டோம். மறுநாளே வவுனியா ஆசிரியை மரியாதையாகக் கேட்டிருந்தார்: "சேர் விவசாயம் படிப்பிக்கிறீர்களா?"

"பாத்தீங்களா," என்றார் சேர். "வெசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

இன்னும் கொஞ்சம் விபரமாக எழுதுங்கள் என்று விரிவுரையாளர் குறிப்பு அனுப்பினார். சேர் ஒரு முடிவுக்கு வந்தார். தன்னைப் பற்றிச் சொல்வதற்கு முன் எதிரே இருப்பவர்கள் உண்மையான ஆசிரியர்கள்தானா என்று பார்த்துவிட வேண்டும். வகுப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரே கேள்விக்கொத்தை என்னைக்கொண்டு அனுப்பினார். உங்கள் அதிபரின் பெயர் என்ன? பள்ளிக்கூடத்துக்கு எந்த பஸ்ஸில் போவீர்கள்? இறங்கும் இடத்தில் என்ன கடை இருக்கிறது? வாசல் எந்தத் திசை பார்த்தது?

"சேர், இது வேணாம்," என்றேன்.

"உண்மையான டீச்சருக்கு வாசல் எந்தப் பக்கம்னு தெரியாதா அக்கா?"

தட்டினேன். அன்று முதல் அந்த வகுப்பில் ஒருவரும் மூச்சு விடவில்லை. மட்டக்களப்புக்காரர் பறவைகள் பற்றி எழுதியதை எடுத்துவிட்டார். வவுனியா ஆசிரியை தன் புகைப்படத்தை எடுத்துவிட்டு ஒரு ரோஜாப்பூவைப் போட்டார். பிறகு யாரோ ஒருவர் விரிவுரையாளரிடம் எல்லோரும் பார்க்கும்படியே கேட்டுவிட்டார்: இந்த வாளிப் படத்துக்காரர் யார்? பெயர் இல்லை, முகம் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஆனால் எங்கள் எல்லோரையும் விசாரிக்கிறார். இவரை யாராவது அனுப்பியிருக்கிறார்களா?

சேர் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து அவர் கேட்டதை இப்போது முன்பின் தெரியாதவர்கள் அவரைப் பார்த்துக் கேட்கிறார்கள்.

"என்னையவா அக்கா? என்னப் பாத்தா சீஐடி மாதிரியா இருக்கு?"

"அவங்க எங்க சேர் உங்களப் பாத்தாங்க? வாளியத்தான் பாத்தாங்க."

அந்த வாரமே விரிவுரையாளரின் அடுத்த அறிவித்தல் வந்தது. படிப்பின் முதல் ஒப்படை வேலையை நான்கு பேர் கொண்ட குழுவாகச் செய்ய வேண்டும். குழுவை மாணவர்களே அமைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் இருபத்திரண்டாம் திகதி, ஞாயிறு மாலைக்குள் எந்தக் குழுவிலும் இல்லாதவர் படிப்பிலிருந்து விலகியதாகக் கருதப்படுவார். சேர் மூன்று பேருக்கு எழுதிக் கேட்டார். ஒருவருக்குக் காய்ச்சல். ஒருவரின் குழு நிரம்பிவிட்டது. மூன்றாமவர் பதிலே போடவில்லை.

மாற்றல் ஆவதில் அவருக்கு அப்படி என்ன பயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டில் ஒண்டிக்கட்டை. ஒரு பெட்டியைத் தூக்கினால் எந்த ஊருக்கும் போகலாம். ஆனால் அந்த வாரம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. போட்டோகொப்பி வெளிச்சம் அணைவதற்கு முன்பே தாளை எடுத்துக்கொண்டு போனார்.

நம்பிக்கை வரவழைக்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் பகுதி கிராம சேவகர் ஏதோ சுற்றறிக்கையைப் பிரதி எடுக்க என் கடைக்கு வந்திருந்தபோது சேர் அவரைப் பிடித்துக்கொண்டார். சிங்களவர், நல்ல மனிதர், தமிழும் பேசுவார். சேருக்கு ஒரு நற்சான்றிதழ் வேண்டும்.

"மொகட்டத மாஸ்டர்?" என்றார் கிராம சேவகர்.

எதுக்கு என்று சிங்களத்தில் கேட்கிறார். கடையில் பிரதி எடுக்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக அந்தக் கேள்விக்குச் சேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கூட்டாளிமாருக்குக் காட்ட," என்றார்.

"கூட்டாளிங்களுக்கா? கூட்டாளிங்களுக்கு மாஸ்டரத் தெரியாதா?"

"இன்னும் தெரியாது மாத்தயா. தெரிய வெக்கத்தான்."

கிராம சேவகர் என்னைப் பார்த்தார். நான் கலண்டரைப் பார்த்தேன். ஆனாலும் சான்றிதழ் வந்தது. இவரை நான் பல ஆண்டுகளாக அறிவேன், எவ்விதச் சட்டவிரோதச் செயலிலும் இவருக்குத் தொடர்பு இல்லை என்று சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டிருந்தார். பெயரையும் விலாசத்தையும் சேர் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ள, கட்டைவிரலோடு ஸ்கேன் செய்து ஏற்றினேன்.

விளைவை நீங்களே ஊகிக்கலாம். இதுவரை அவர் மேல் சட்டவிரோதச் செயல் என்று யாருமே சொல்லியிருக்கவில்லை. இப்போது அந்தக் கோணத்திலும் யோசிக்கத் தொடங்கினார்கள். அதுவும் ஒரு கட்டைவிரலின் படத்தோடு.

ஜூன் இருபத்திரண்டு. மத்தியானம் தாண்டியதும் சேர் வந்தார். செருப்பைக் கழற்றுமுன் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அது ஒன்றே எனக்குக் கவலையாக இருந்தது. கடவுச்சொல் போடும்போது நான் எழுந்திருக்கப் போனேன்.

"உக்காருங்கக்கா. இனிமே பாத்து என்ன ஆவப்போவுது."

உள்ளே ஒரு செய்தி இருந்தது. கேகாலைப் பக்கம், கரவனெல்லையைத் தாண்டி ஒரு றப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஆசிரியை எழுதியிருந்தார். அவருடைய குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. செய்தியில் வணக்கம்கூட இல்லை.

"நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. தோட்டப் பள்ளி ஆசிரியர் என்றால் இதற்குப் பதில் சொல்லுங்கள். மழை நாளில் உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கூடுவார்களா, குறைவார்களா?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். மழை பெய்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் குறைவுதானே. குறைவார்கள் என்று தட்டக் கையை வைத்தேன்.

"நிறுத்துங்க," என்றார் சேர். "எந்த நேரத்து மழைன்னு கேளுங்க."

"சேர், இன்னைக்குக் கேள்விக்குக் கேள்வி வேணாம். பொழுது எறங்கிருச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது."

"நேரம் தெரியாம எப்படிக்கா சொல்றது? கேளுங்க."

மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டு தட்டினேன்: எந்த நேரத்து மழை?

அனுப்பிய சூட்டிலேயே பதில் வந்தது. அந்த ஆசிரியை அங்கே காத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். "விடியுமுன் பெய்கிற மழை."

சேர் எழுந்து நின்றார். வகுப்பில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் கடைக்குள் நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தார். நான் தட்டினேன்.

விடியுமுன் பெய்தால் பிள்ளைகள் கூடுவார்கள். றப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் அன்று பால் வெட்டு இல்லை. மற்ற நாட்களில் தாய் இருட்டோடு பால் வெட்டப் போய்விடுவாள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவைத் திறந்து கைக்குழந்தைகளை எடுக்க அவ்வளவு அதிகாலையில் ஆள் வராது. அதனால் வீட்டில் மூத்த பெண்பிள்ளைதான் தங்கச்சியையோ தம்பியையோ வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு சமைப்பாள், தண்ணீர் எடுப்பாள், அந்த நாள் அப்படியே போய்விடும். வெட்டு இல்லாத நாளில் தாய் வீட்டில் இருப்பாள், மகள் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். வெட்டு நடந்துகொண்டிருக்கும்போது வருகிற மழை வேறு. அது சிரட்டையில் இருக்கும் பாலைக் கெடுத்துவிடும், கூலி போய்விடும், தாய் கோபத்தோடு வருவாள், மறுநாளும் அந்தப் பிள்ளை வரமாட்டாள்.

"அதனால பின்னம், விகிதம், கஷ்டமான கணக்கு எதையும் நான் வெயில் நாள்ல தொடமாட்டேன்," என்றார். சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார். "கஷ்டமானதெல்லாம் மழை நாளுக்கு. எந்தப் பாடம் எந்த நேரம்னு போட்ட நேரசூசிப்படி படிப்பிக்கலன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்காங்க. போடட்டும். நேரசூசி போட்டவங்க மழையப் பாத்தா போட்டாங்க? எட்டாம் வகுப்புல ஒரு புள்ள. வெயில் நாள்ல தம்பிய இடுப்புல வெச்சுக்கிட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னு பாடம் கேக்கும். உள்ள வான்னா வராது, தம்பி அழுவான்னு பயம். அந்தப் புள்ள இன்னும் மூணு வருஷத்துல சோதனை எழுதும். புதுசா ஒரு அதிபர் வந்தா முதல் வேலையா நேரசூசியத்தான் சரிபண்ணுவாரு. அதுக்குத்தான் நான் இந்தப் படிப்புக்கு வந்தேன். எங்க பள்ளிக்கூடத்துல..."

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார், எந்த டிவிஷன் என்பதையும் சொன்னார். என் விரல்கள் தானாக நின்றுவிட்டன.

"என்னக்கா நிறுத்திட்டீங்க?"

"சேர், பள்ளிக்கூடத்துப் பேரச் சொல்லிட்டீங்க."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். அழிக்கும் பொத்தான் மேல் நான் விரலைத் தயாராக வைத்திருந்தேன். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"இருக்கட்டும்," என்றார்.

"கீழ பேரு போடணும். என்ன போட?"

இத்தனை வருஷமும் என் கடையில் எந்தத் தாளிலும் வெறும் முதலெழுத்தை மட்டும் கிறுக்கியவர், தகப்பன் பெயரோடு முழுப்பெயரையும் சொன்னார். அதை இங்கே நான் எழுதப் போவதில்லை. எதுக்கு என்று கேட்பார்.

அனுப்பினோம். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்க்கடையில் பலகைக் கதவுகளைப் போட ஆரம்பித்திருந்தார்கள். பதில் வந்தபோது சேர் வாசிக்கவில்லை, என்னை வாசிக்கச் சொன்னார்.

"நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம் சேர், நீங்கள் நான்காவது ஆள். நான் மழை நாளுக்கு வைத்திருப்பது இங்கிலிஷ் இலக்கணம்."

சேர் குனிந்து அந்த வரிகளைத் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இவங்க நெசமான டீச்சர்தான்," என்றார். "ஆனா மத்த ரெண்டு பேரு யாருன்னு தெரியலயே."

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். நான் கம்ப்யூட்டரை மூடி, துணியைப் போட்டு, கடையைப் பூட்டினேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் அடுப்புப் பக்கம் போகவில்லை. இருட்டோடு ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன். கை நனைந்தது. நல்லது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பிள்ளை வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, சேர் கரும்பலகையில் பின்னத்துக்குக் கோடு இழுக்கும் நேரம்வரைக்கும் விடாமல் பெய்யட்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.